மெஷினிடம் பேரம்

ஆரோக்கியமேரியின் உயிருக்கு எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அன்று கேட்ட விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். செகண்ட் ஹேண்ட். ஆறு மாத வாரன்டியைக் கடைக்காரன் நாகேஷ் வாயால் சொன்னான். எழுதித் தருவதாகச் சொல்லவில்லை.

அதே உயிர் பதினாலாயிரத்துக்கும் கிடைத்தது. அது பத்து அங்குல டேப்லெட். பதினெட்டரை கேட்டது கையில் பிடித்து விளையாடும் கேம் பெட்டி. இரண்டும் கண்ணாடிக் கவுண்டரின் மேல் பக்கத்தில் பக்கமாகக் கிடக்க, மேரியின் புருஷன் கிறிஸ்டோபர் மாப்பிள்ளை பார்க்க வந்தவரைப்போல ஒன்றையும் தொடாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். எது வேண்டும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அதை நாகேஷ் தெரிந்துகொள்ளக் கூடாது. யாருக்கு, எதற்கு என்பது அதைவிடவும் தெரியக் கூடாது. வாங்குகிறவனின் அவசரம் விற்கிறவன் காதில் விழுந்துவிட்டால் விலை தானாக மாடி ஏறிவிடும்.

கிறிஸ்டோபர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பாலோடு குடித்தது. அவருடைய அப்பா சாலமன் தங்கவயலில் வீடு வீடாகத் தவணைக்குத் துணி விற்றவர். சுரங்கத்திலிருந்து மேலே வந்த மனுஷன் முகம் கழுவுவதற்குள் அவன் தோளில் புது லுங்கியைப் போட்டுவிடுவார் என்று பேர். பிள்ளை அல்சூர் பஜாரில் பெட்ஷீட், துண்டு, தலையணை உறை வியாபாரம். அந்தக் குடும்பத்தில் எதையும் முழு விலை கொடுத்து வாங்கியது கிடையாது, பஸ் டிக்கெட்டைத் தவிர. அதற்கும் முயற்சி நடந்ததுண்டு.

மேரி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வரும் அப்பாவிப் பெண். பிரேசர் டவுன் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைத்தாள். மீட்டர் துணி வேண்டும் என்று மற்ற டெய்லர்கள் சொல்லும் ப்ளவுஸை எண்பது சென்டியில் வெட்டிக் கொடுப்பாள். இந்தச் சிக்கனத்தோடு புருஷன் வீட்டுப் பேரமும் சேர்ந்ததும் ஆள் வேறாகிவிட்டாள். பத்து வருஷத்தில் காய்கறி வண்டிக்காரர்கள் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

அந்தப் பழக்கம்தான் இப்போது அவள் உயிருக்கு உலை வைத்திருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய கிட்னி இரண்டும் கையை விரித்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சின்ன சென்டர். முதல் நாள், தர்ஷினி என்ற டெக்னீஷியன் பெண் மேரியின் இடது கையில் ஊசி ஏற்றி, குழாய்களை மெஷினோடு மாட்டிவிட்டு, "நாலு மணி நேரம் ஆகும் அங்கிள்," என்றாள்.

கிறிஸ்டோபரின் வாய், அவரைக் கேட்காமலே, பதில் சொன்னது: "நாலுன்றதை ஒரு மூணரைக்கு முடிச்சுக் குடும்மா."

தர்ஷினி சிரித்துவிட்டாள். அன்று கூட்டம் அதிகம். மூணே முக்காலுக்கே மெஷினை நிறுத்திவிட்டாள். கால் மணி நேரம் லாபம்! ஆட்டோவில் திரும்பும்போது புருஷனும் பெண்டாட்டியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கிட்னி போன துக்கத்தில் அவர்கள் சிரித்தது அன்று ஒருமுறைதான்.

மேரி அந்தக் கால் மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த முறை முதுகு வலி என்று மூணரை. அதற்கடுத்து அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று மூணேகால். பிறகு யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸ் காத்திருக்கிறது என்று மூணு. தர்ஷினி திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பேரத்தில் எதிராளி கெஞ்ச ஆரம்பித்துவிட்டால் பாதி விலைக்குச் சரக்கு வந்துவிடும் என்பது மேரிக்குத் தெரியாதா?

லாபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மெதுவாகத் தெரிந்தது. பாதம் வீங்கியது. புருஷன் கடைப் படி ஏறினால் மூச்சு இரைத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். டாக்டர் சீனிவாசராகவன் கிறிஸ்டோபரைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க வீட்டம்மா பேரம் பேசறது தர்ஷினிகிட்ட இல்ல சார். ரத்தத்துல தேங்கற தண்ணிகிட்ட, உப்புகிட்ட. அதெல்லாம் ஃபிக்ஸட் பிரைஸ் கடை. இப்படியே போனா ஒரு நாள் ஹார்ட் நின்னுடும். நான் பயமுறுத்தலை. நாலு மணி நேரம்னா நாலு மணி நேரம்."

முதல் கால் மணி நேரத்தைக் கேட்டு வாங்கியவர் தான்தான் என்று டாக்டரிடம் கிறிஸ்டோபர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேரியிடம் காலில் விழாத குறையாகக் கேட்டார். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "போரடிக்குதுங்க."

சும்மா இருந்தறியாத பெண்ணின் ஒரு கையை ஆணி அடித்ததுபோல நீட்டி வைத்துவிட்டு, கூரையைப் பார் என்றால் எப்படி? அங்கே ஒரு டிவி உண்டு. அதன் ரிமோட் பக்கத்துக் கட்டில் கோவிந்தப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. அவர் காலையிலிருந்து தக்காளி, வெங்காயம் மார்க்கெட் நிலவரம் மட்டுமே பார்ப்பார். போன் இருக்கிறதே என்றால், அதை எடுத்தாலே யாராவது கூப்பிட்டு, "ஐயோ மேரி, எப்படிடி இருக்கே?" என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'ஐயோ'வைக் கேட்பதற்குப் பயந்து அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள்.

தர்ஷினிதான் ஒரு யோசனை சொன்னாள். "ஈவினிங் ஷிப்ட்ல ஹரிஷ்குமார்னு ஒருத்தர் வருவாரு அங்கிள், ஐடி கம்பெனி. கையில ஒரு கேம் வெச்சிருப்பாரு. டைம் முடிஞ்சு ஊசி எடுக்கப் போனா, இரு இரு இந்த லெவல் முடிச்சுக்கறேன்னு நம்மகிட்ட சண்டைக்கு வர்றாரு!"

சண்டைக்கு வருகிறாரா? கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றா? கிறிஸ்டோபரின் வியாபாரக் காது நிமிர்ந்தது. அப்படி ஒரு சரக்கு உலகத்தில் இருக்கிறதென்றால் அது என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். அப்படித்தான் அவர் எஸ்.பி. ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"யாருக்கு சார்? பையனுக்கா?" என்றான் நாகேஷ்.

"ஒரு கஸ்டமருக்கு," என்றார் கிறிஸ்டோபர்.

"வயசு?"

"அம்பத்தி ரெண்டு. லேடீஸ்."

நாகேஷ் கேம் பெட்டியை உடனே ஓரமாகத் தள்ளினான். "அப்ப டேப்தான் சார், யோசிக்கவே வேணாம். ஜெபம் கேப்பாங்க, சீரியல் பாப்பாங்க, பேரப்பசங்க முகம் பெருசா தெரியும். இது சின்னப் பசங்க சமாச்சாரம்."

மற்ற நாளாக இருந்தால் கிறிஸ்டோபரும் ஒத்துக்கொண்டிருப்பார். பத்துப் பேரில் எட்டுப் பேர் எதை வாங்குகிறார்களோ அதுதான் நல்ல சரக்கு என்பது பஜார் நியாயம். ஆனால் விலை குறைந்ததை ஒரு கடைக்காரன் தானாக முன்னே தள்ளினால் அதில் அவனுக்கு லாபம் கூடுதல் என்பதும் பஜார் நியாயம்தான்.

"சோதிச்சுப் பாக்கணும்," என்றார்.

"ஆன் பண்ணியே காட்டறேன் சார்."

"அப்படி இல்லப்பா." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையைக் கவுண்டர் மேல் நீட்டி, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். "இந்தக் கையை அந்தக் கம்பியோட சேத்துக் கட்டு."

நாகேஷ் கைக்குட்டையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "என்ன சார், மேஜிக் ஷோவா?"

"கட்டுப்பா. இந்தக் கை எனக்கு இல்லேன்னு வெச்சுக்க. எந்தச் சரக்கு நிக்குதுன்னு பாப்போம்."

முதலில் டேப். சுவரில் சாய்ந்து வலது கையால் தூக்கிப் பிடித்தார். படம் பளிச்சென்று இருந்தது. பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலித்தது. ஸ்டாண்டு முந்நூறு ரூபாய் தனி என்றான் நாகேஷ். ஸ்டாண்டில் நிறுத்தியதும் மணிக்கட்டு வலி போய்க் கண் சொக்க ஆரம்பித்தது. பழைய படம் ஒன்றில் கதாநாயகன் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தபோது கிறிஸ்டோபர் குறட்டை விட்டார். நாகேஷ் தோளைத் தட்டி எழுப்பினான்.

தூங்கினால் என்ன, நாலு மணி நேரம் ஓடிவிடுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மேரி பகலில் தூங்குகிறவள் இல்லை. பகலில் தூங்கும் புருஷனையும் விடுகிறவள் இல்லை.

அடுத்தது கேம் பெட்டி. கையில் எடுத்ததுமே முகம் விழுந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடிக்கும் பொருள் அது. ஒரு கைக்கு அது வெறும் கனம்.

"ஒத்தைக் கைக்கு ஆகாதுப்பா இது."

"அதான் அப்பவே சொன்னேனே சார்," என்ற நாகேஷ், வியாபாரம் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னொன்றும் செய்தான். பெட்டியின் வலது ஓரத்தை ஒரு தள்ளு தள்ளினான். அது சடக்கென்று தனியே கழன்று வந்தது. பெட்டியைப் பின்காலில் நிறுத்திவிட்டு, கழன்ற துண்டை அவர் கையில் வைத்தான். சீப்பு அளவுதான். கட்டைவிரலுக்கு ஒரு குட்டிக் குச்சி, அதற்கு மேலே நாலு பொத்தான்.

"எல்லா கேமும் ஓடாது. சிலது ஓடும். இதைப் பாருங்க."

திரையின் மேலிருந்து ஒரு கட்டை விழுந்தது. கோணலும் மாணலுமாய் இன்னொன்று. இடைவெளி இல்லாமல் ஒரு வரிசை நிரம்பினால் அந்த வரிசை மறையும்; நிரம்பாவிட்டால் மேலே மேலே ஏறி மூச்சை அடைத்துவிடும். அவ்வளவுதான் ஆட்டம். கிறிஸ்டோபர் தோற்றார். இன்னொரு தடவை என்றார். அதிலும் தோற்றார். பக்கத்துக் கடை சார்ஜர்காரரும் எதிர்க்கடை ஸ்பீக்கர்காரரும் வந்து பின்னால் நின்றுகொண்டு, "லெஃப்டு, லெஃப்டு!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

"சார், டீ சொல்லவா?" என்றான் நாகேஷ்.

"சும்மா இருப்பா, நீளக் கட்டை வருது."

டீ வந்து ஆறிப்போனது. கடைசியில் நேரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தபோது இடது கை கம்பியோடு இழுத்து அவரை மறுபடி ஸ்டூலில் உட்கார வைத்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிறிஸ்டோபர் சிரிக்கவில்லை. கை கட்டியிருப்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

சரக்கு நிற்கிறது. ஆனால் மறந்தது அவர். மேரி மறப்பாளா? பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு டேப்தானே பிடிக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கடையில் பதில் இல்லை. ஆகவே இரண்டையும் சனிக்கிழமைக்கு எடுத்துப் போய், ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்.

"ரெண்டு சட்டையும் போட்டுப் பாத்துட்டு ஒண்ணைக் கழட்டித் தர்ற கடையா சார் இது?"

ஒரு மணி நேரம் பேசினார்கள். கேம் பெட்டி பதினேழுக்கு இறங்கியது. டேப் பதிமூணரைக்கு. "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டதற்கு, "நாலு மணி நேரம் கண்ணை மூடிட்டு ஓடும் சார்," என்று நாகேஷ் தன் அம்மாமேல் சத்தியம் செய்தான். இரண்டுக்கும் ஈடாகக் கிறிஸ்டோபரின் ஸ்கூட்டர் கடை வாசலில் நின்றது. சாவி நாகேஷின் கல்லாவுக்குள் போனது. கிறிஸ்டோபர் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார். முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்கினார்.

சனிக்கிழமை தர்ஷினி ஊசி ஏற்றி மெஷினை ஓடவிட்டதும், கிறிஸ்டோபர் டேப்பை எடுத்து ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"என்ன இது?" என்றாள் மேரி.

"டேப்."

"தெரியுது. எவ்வளவு?"

"அதை அப்புறம் சொல்றேன்."

"அப்புறம் சொல்ற விலைன்னா அதிக விலைதான். ஸ்கூட்டர் எங்கேன்னு நேத்தே கேட்டேன், சர்வீஸ்னீங்க. திருப்பிக் குடுத்துடுங்க."

"சரி, குடுத்துடறேன். இன்னைக்கு மட்டும் பாரேன்."

இலவசமாகப் பார்ப்பதற்கு மேரிக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு பிரசங்கம் கேட்டாள். பிரசங்கியார் பேசுவதைவிட அதிகமாக முகத்தைத் துடைத்துக்கொள்கிறார் என்று நிறுத்தினாள். ஒரு படம் போட்டாள். கதாநாயகியின் ப்ளவுஸில் தோள் சரியாக உட்காரவில்லை என்று கண்டுபிடித்த பிறகு அவளுக்கு அதில் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை. இரண்டேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தது, தலையைத் திருப்பிவிட்டாள்.

"தர்ஷினி! இன்னைக்கு மூணு மணி நேரத்துல முடிச்சுடும்மா. முதுகு பிளக்குது."

"ஆன்ட்டி, டாக்டர் என்னைத் திட்டறாரு."

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

கிறிஸ்டோபர் டேப்பை ஓரமாகத் தள்ளினார். முப்பது வருஷம் பெட்ஷீட் விற்றவருக்கு ஒன்று தெரியும். வேண்டாம் என்கிறவளிடம் சரக்கை நீட்டக் கூடாது. அவள் கண்ணெதிரே வேறொருவருக்கு விரித்துக் காட்ட வேண்டும். அவர் கேம் பெட்டியை எடுத்து, மேரிக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் தானே ஆட ஆரம்பித்தார்.

மேரி கூரையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"என்னது அது?"

"சும்மா, கட்டை அடுக்கறது."

கட்டைகள் விழுந்தன. கிறிஸ்டோபர் தோற்பதற்குப் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. இடையிடையே ஓட்டை விட்டு, கண்டபடி குவித்துக்கொண்டு போனார். மேரியின் முகம் மாறியது. துணி வெட்டத் தெரியாதவன் கையில் கத்தரிக்கோல் போனதைப் பார்க்கும் முகம்.

"அங்க எதுக்குப் போட்டீங்க? கீழ எவ்ளோ எடம் வேஸ்ட்டாப் போச்சு!"

"பரவாயில்ல, விடு."

"என்ன பரவாயில்ல? அதைத் திருப்பிப் போட்டா கழுத்து மாதிரி அந்தச் சந்துல உக்காருமே. கண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு? சே, பிட்டு பிட்டாப் பாழாக்கறாரு மனுஷன்!"

"எனக்கு இவ்ளோதான் வரும் மேரி."

"குடுங்க இப்படி."

கழன்ற துண்டு அவள் வலது கைக்குப் போனது. முதல் ஆட்டத்தில் குச்சி பழகவில்லை. இரண்டாவதில் பழகியது. மூன்றாவதில் கிறிஸ்டோபர் மெதுவாக நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எண்பது சென்டி துணியில் முதுகையும் முன்பக்கத்தையும் கையையும் சந்து விடாமல் வைத்து வெட்டுகிற கண் அது. விழும் கட்டை பாதி வழி வருவதற்குள் அதற்கான இடத்தைப் பார்த்து வைத்துவிடுகிறது. வரிசை வரிசையாக மறைந்தது. நீட்டி வைத்த இடது கை, பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல அசையாமல் கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் தக்காளி விலை திடீரென்று ஊமையானது. கோவிந்தப்பா டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பலக்கே ஹாக்கம்மா, பலக்கே!" என்றார், வலப்பக்கம் போடச் சொல்லி.

"சும்மா இருங்க சார், அங்க நீளக் கட்டைக்கு எடம் விட்டிருக்கேன்!"

கோவிந்தப்பா அடங்கினார். நீளக் கட்டை வந்தது. நாலு வரிசை ஒன்றாக மறைந்தது. "அப்பப்பா!" என்று அவர் தொடையைத் தட்டியதில் அவருடைய மெஷின் ஒருமுறை அலறி அடங்கியது.

கிறிஸ்டோபர் கடிகாரத்தைப் பார்த்தார். மூணு மணி நேரம் முடிந்து சில நிமிஷம் ஆகியிருந்தது. மேரி நேரத்தைக் கேட்கவே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, திரை கறுத்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் மேரி.

கிறிஸ்டோபர் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார். செத்துப்போயிருந்தது. காலையில்தான் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றினார். ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த பிளக் பக்கம் போனார்.

"அங்கிள்! அது மெஷின் லைன், அதுல கை வெக்காதீங்க!" என்று தர்ஷினி ஓடி வந்தாள்.

மேரி துண்டைப் படுக்கையில் வைத்தாள். அப்போதுதான் முதுகு வலியும் கூரையும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணி நேரம் தாண்டிடுச்சே! எடுத்துடும்மா தர்ஷினி."

தர்ஷினி கிறிஸ்டோபரைப் பார்த்தாள். டேப்பை நீட்டலாமா? தூர எறிந்துவிடுவாள். கெஞ்சலாமா? கெஞ்சினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"இதுக்கு எவ்வளவு சொன்னான்?" என்றாள் மேரி, கறுத்த திரையைப் பார்த்தபடி.

இனி மறைத்து என்ன? "பதினெட்டரை. பதினேழுக்குப் பேசி வெச்சிருக்கேன். பேட்டரி நாலு மணி நேரம் ஓடும்னு சத்தியம் பண்ணான்."

மேரி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "ஒரு மணி நேரம் ஓடாத பெட்டிக்குப் பதினேழாயிரமா? அதுக்கு ஸ்கூட்டரை அடகு வெச்சீங்களா? எங்க, போனைப் போடுங்க."

"மேரி, நான் பாத்துக்கறேன்..."

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே. போடுங்கன்னேன்."

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாகேஷ் எடுத்தான். பின்னால் ஹாரன் சத்தம். அவன் அந்த நேரத்தில் கிறிஸ்டோபரின் ஸ்கூட்டரில்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான்.

"தம்பி, நான் கிறிஸ்டோபர் வீட்லேர்ந்து பேசறேன். நீ குடுத்த பெட்டி செத்துப்போச்சு. அடக்கம் பண்ண எவ்வளவு தருவே?"

"மேடம்? செகண்ட் ஹேண்ட்ல பேட்டரி கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும் மேடம்..."

"என் புருஷன்கிட்ட முன்னன்னு சொன்னே, என்கிட்ட பின்னன்னு சொல்றே. பன்னெண்டாயிரம். புது பேட்டரி போட்டுக் குடு."

"பன்னெண்டா! மேடம், நான் கடையை மூடிட்டு ஊருக்குப் போயிடறேன்."

"எந்த ஊரு? ஸ்கூட்டரை விட்டுட்டுப் போ."

கோவிந்தப்பா டிவியை முழுசாக அணைத்தார். பதினாறரை என்றான் நாகேஷ். பன்னிரண்டே கால் என்றாள் மேரி. தர்ஷினி பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"ஆன்ட்டி, எடுத்துடச் சொன்னீங்களே..."

மேரி போனைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "இப்ப வேணாம்டி! ஊசியை உருவினா குரல் நடுங்கும். அவனுக்குத் தெரிஞ்சு போயிடும்."

அந்த நேரம் பார்த்து மெஷின் பீப் பீப் என்று அடித்தது. "என்ன மேடம் சத்தம்?" என்றான் நாகேஷ். "ஆஸ்பத்திரியா?"

ஒரு வார்த்தை. ஆமாம் தம்பி, உடம்பு சரியில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நாகேஷ் நல்லவன், இரண்டாயிரத்தை அங்கேயே இறக்கியிருப்பான். கிறிஸ்டோபர் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"மைக்ரோவேவ்," என்றாள் மேரி. "சோறு சூடாயிடுச்சு. நீ விலையைச் சொல்லு."

"பதினாறு. அதுக்குக் கீழ சத்தியமா இல்ல."

"உன் சத்தியத்தோட பேட்டரியும் ஒரு மணி நேரம்தான்." போனைப் பட்டென்று வைத்துவிட்டாள்.

கிறிஸ்டோபருக்கு அது என்னவென்று புரிந்தது. கடையை விட்டு இறங்கித் தெருவில் நடப்பது. பின்னாலிருந்து கூப்பிடுகிறானா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் போச்சு. மேரி போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். அதே கூரைதான், ஆனால் இப்போது அதில் ஏதோ சுவாரசியமாக எழுதியிருந்ததுபோல் கண் பளபளத்தது. மெஷின்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"கூப்பிட மாட்டான் போலிருக்கே," என்றாள் தர்ஷினி.

"கூப்பிடுவான். இரு."

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டான். மேரி மூன்று முறை மணி அடிக்க விட்டு எடுத்தாள். பதினைந்தரை. மறுபடி வைத்தாள். மறுபடி காத்திருந்தார்கள். மறுபடி வந்தது. அவன் மனைவியின் உடம்பு, கடை வாடகை, எஸ்.பி. ரோட்டுத் தூசி எல்லாம் சொன்னான். அவள் தையல் கூலி, நூல் விலை, கல்யாணமாகாத ஒரு நாத்தனார் என்று எதிர்ப்பாட்டுப் பாடினாள். நாத்தனார் என்று யாரும் கிடையாது. கடைசியில் பதினாலரைக்கு, புது பேட்டரியோடு, பேரம் படிந்து தேங்காய் உடைந்தது.

"ஆன்ட்டி," தர்ஷினி தொண்டையைக் கனைத்தாள். "நாலு மணி நேரம் முடிஞ்சுடுச்சு. வெளிய அடுத்த பேஷன்ட் காத்துட்டிருக்காங்க."

"இரும்மா, ஒரு அஞ்சு நிமிஷம். பெட்டியைப் போட்டு வெக்கப் பவுச்சு பாக்கி இருக்கு." போனுக்குத் திரும்பினாள். "தம்பி, ஒரு பவுச்சு போட்டுக் குடுத்துடு. அது இல்லாம எப்படி எடுத்துட்டுப் போறது?"

பவுச்சு வந்தது. மேரி போனை வைத்துவிட்டு வலது கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். தர்ஷினி ஊசியை எடுக்கையில்தான் கடிகாரம் மேரியின் கண்ணில் பட்டது. கடிகாரத்திலிருந்து பார்வை புருஷன்மேல் வந்து நின்றது.

"நாலு மணி நேரம் ஆயிடுச்சா? இதுவும் உங்க வியாபாரமா?"

"மாதா சத்தியமா இல்ல. பேட்டரி சாகும்னு எனக்குத் தெரியாது."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அவனை நம்ப முடியாது. செவ்வாய்க்கிழமை புது பேட்டரி போட்டதும் நாலு மணி நேரம் முழுசா ஓட்டிப் பாக்கணும். ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் திருப்பிடணும்."

"ஆமா," என்றார் கிறிஸ்டோபர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். சரக்கு பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு விற்கிறவன் சிரிக்கக் கூடாது.

டேப்பை ஸ்டாண்டோடு மடித்துப் பையில் வைத்தார். மேரியைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். டிரைவர் நூற்றிருபது கேட்டான். கிறிஸ்டோபர் வாய் திறக்குமுன் மேரி எண்பது என்றாள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அவர் ஓரமாகச் சாய்ந்துகொண்டு, மனசுக்குள் வேறொரு கணக்கைப் போட்டார். இந்த மாதிரிக் கணக்கு உடம்புக்குச் செல்லாது என்று டாக்டர் சொல்வார். ஆனாலும் அவருக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

மூன்று மாதத்தில் காலும் அரையுமாக மெஷினிடம் தள்ளுபடி வாங்கியது, ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரம். இன்று கொடுத்த நாலு மணி நேரம் இன்றைய தவணைக்கே சரியாகப் போயிற்று. பவுச்சுக்குப் பேசியது ஆறு நிமிஷம். அது பழைய கணக்கில் வரவு. பாக்கி, இருபத்திரண்டு மணி ஐம்பத்து நாலு நிமிஷம்.